நட்டுக் கழற்றும் யந்திரம் வாங்கிய கதை

சென்ற மாதம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்த வேளையில், அன்பர் ஒருவர் நம்மை நோக்கி, "காருக்கு நட்டுக் கழற்றும் யந்திரம் வாங்கியிருக்கிறீர்களாமே, எவ்வளவு சக்தி உள்ளதாக வாங்கலாம்?" என்று வினவினார். அருகிலிருந்த மற்றொருவர், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடையில் இருப்பதிலேயே பெரியது எதுவோ, அதை வாங்க வேண்டியதுதான்" என்றார். நாம் அப்போது சிரித்து மழுப்பிவிட்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு இத்வாரிக் கடைத்தெருவுக்கு நடந்தவர் நாமே. அதனால் நம் குடும்பத்துக்கு நேரவிருந்ததை வெற்றிலை மெல்லும் நேரத்தில் சொல்லி முடிக்க இயலாது. ஆதலின் எழுதுகிறோம்.

நாம் நாகபுரியில் ரயில்வே சரக்கு அலுவலகத்துக் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. தந்தையார் வார்தாப் பகுதியில் கீமேனாக இருந்தவர்; நாள்தோறும் தோளில் ஸ்பானரும் கையில் சுத்தியலுமாகத் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து, தளர்ந்தவற்றைத் தட்டி இறுக்கி வந்தவர். அவர் பணியிலிருக்கும்போதே மறைந்தமையால் அந்த இரக்கத்தில் கிடைத்தது நமக்கு இந்த உத்தியோகம். பகலெல்லாம் வேகன்களின் கணக்கு. மாலையில் வீடு திரும்பினால் வாசலில் நிற்பதும் வேகன்தான்: 2012-ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி வேகன் ஆர், இரண்டாங்கையாக வாங்கியது. "பாஸ் கையிலிருக்கையில் கார் எதற்கு?" என்று கேட்காத சக ஊழியர் இல்லை. பொங்கலுக்குப் பாஸ் கிடைக்கும், படுக்கை கிடைக்குமா? சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உள்ள அன்னையை மேல் படுக்கைக்கு ஏற்றுவது எவ்வாறு? நாகபுரியைத் தொட்டுச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே நம் சொந்த ஊரான கோவில்பட்டியையும் தொட்டுச் செல்கிறது. சாலை ஒன்றே, தூரம் மட்டும் ஏறத்தாழ 1600 கிலோமீட்டர்.

இரண்டு பொங்கலுக்கு முன் அந்தச் சாலையில் புறப்பட்டோம். முந்திய நாள்தான் ஒரு டயர்க் கடையில் சக்கரங்களை முன்பின் மாற்றிப் பூட்டியிருந்தோம். கடைப் பையன் காற்றழுத்தக் 'கன்'னைக் கையில் எடுத்து, நட்டுக்கு நட்டு 'டர்ர்' என்று முழு வேகத்தில் அடித்துப் பூட்டினான். அந்த ஓசையே நமக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. இவ்வளவு சத்தம் போட்டுப் பூட்டிய சக்கரம் எங்கே கழலப் போகிறது என்று எண்ணினோம்.

கழலத்தான் இல்லை. ஹிங்கன்காட் தாண்டி இரவு எட்டு மணிக்கு இடது பின்சக்கரம் பஞ்சர் ஆயிற்று. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, வண்டியோடு வந்த வீல் ஸ்பானரும் இருந்தது. அந்தச் சிறு ஸ்பானரைப் பற்றி இழுத்தோம், காலால் மிதித்தோம், மேலேறிக் குதித்தோம். நான்கு நட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஒன்றில் விளிம்பு மழுங்கத் தொடங்கியது. ஜனவரி மாதத்து விதர்ப்பக் குளிர். அன்னையின் மாத்திரை நேரம் கடந்துகொண்டிருந்தது. நான்கு வயதுச் சிறுமி, லாரிகள் நம்மை உரசுவதுபோல் கடக்கும் ஒவ்வொரு முறையும் வீறிட்டாள். ஒன்றரை மணி நேரம் அவ்வாறு கழிந்தது. பிறகு டி.என். 28 என்று எண் எழுதிய லாரி ஒன்று ஓரங்கட்டி நின்றது. நாமக்கல் வண்டி! அதிலிருந்து இறங்கியவர், "ஏனுங்க தம்பி, நம்ம ஊருங்களா? நகருங்க" என்று சொல்லிக்கொண்டே தம் வண்டியிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் குழாயைக் கொணர்ந்தார். அதை நம் ஸ்பானரின் மேல் செருகி, அதன் முனையில் தம் உடலின் பாரத்தை மெல்ல இறக்கினார். 'படார்' என்று ஒரு சத்தம். நட்டு விட்டுக்கொடுத்தது. பத்து நிமிடத்தில் நான்கும் கழன்றன.

"ரொம்ப நன்றிங்க அண்ணா" என்று நாம் பணம் நீட்டியபோது, "அதை வெச்சுட்டு ஒரு பைப்பு வாங்கிப் போடுங்க தம்பி" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த அறிவுரையைக் கேட்டிருக்கலாம். குழாயின் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆனால் அந்த இரவின் கையாலாகாத்தனம் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. இனி எந்த நட்டும் நம்மை வெல்லக்கூடாது என்ற ஒரே வீம்பு. ஊர் போய்த் திரும்பியதும், இரண்டு மாதம் மிச்சம் பிடித்த பணத்தோடு கடைக்குச் சென்றோம். விற்பனையாளர் 300 என்றும், 500 என்றும், 1000 என்றும் எண் பொறித்த பெட்டிகளை வரிசையாக வைத்தார். அவை நியூட்டன் மீட்டர் என்னும் திருகு விசையின் அளவுகள். நாம் 1000-ஐச் சுட்டினோம். துணைவியார் பெட்டியையும் ரசீதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சக்கரம் கழற்றவா, பாலம் கட்டவா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தோம்.

யந்திரம் என்னவோ அற்புதந்தான். விசையை அழுத்தினால், மழுங்கிய நட்டும் கண்ணிமைப்பதற்குள் வெளியே வந்தது. அடுத்த ஞாயிறன்று நான்கு சக்கரங்களையும் நாமே கழற்றி, பிரேக்குகளில் படிந்த தூசியைத் துடைத்து, திரும்பப் பூட்டினோம். பூட்டுவதற்கும் அதே யந்திரம். ஒவ்வொரு நட்டுக்கும் நன்றாக மூன்று விநாடி. டயர்க் கடைப் பையன் எழுப்பிய அதே சத்தம் இப்போது நம் கையிலிருந்து எழுந்தது. குடியிருப்புப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெருமைக்குக் கேட்க வேண்டுமா!

மூன்று வாரம் கழித்து ராம்டேக் மலைக்கோயிலுக்குப் புறப்பட்டோம். ஐம்பது கிலோமீட்டர் தூரந்தான். மன்சர் அருகே நெடுஞ்சாலையைவிட்டுத் திரும்பியதும் முன்புறத்தில் 'டிக், டிக்' என்று ஓர் ஓசை. டயரில் கல் சிக்கியிருக்கும் என்று எண்ணி ஓட்டிக்கொண்டே இருந்தோம். பின்னிருக்கையிலிருந்து அன்னையார், "எய்யா, சத்தம் மாறுது. ஓரமா நிப்பாட்டு" என்றார். "கல்லுதாம்மா" என்றோம். "கல்லோ மண்ணோ, நிப்பாட்டிப் பாரு. சத்தம் மாறினா உங்கப்பா ஒரு அடி தாண்ட மாட்டார்" என்று அவர் குரலை உயர்த்தினார்.

நிறுத்திப் பார்த்தோம். வலது முன்சக்கரத்தில் நான்கு நட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. மற்ற இரண்டும் தத்தம் ஸ்டட்டோடு முறிந்து எங்கோ விழுந்திருந்தன. மிஞ்சியவற்றில் ஒன்றை விரலாலேயே சுழற்ற முடிந்தது. ஆக, மூன்று தலைமுறையை ஏற்றிக்கொண்டு அச்சக்கரம் ஒற்றை ஸ்டட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்வரை அதே வண்டியை நாம் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் செலுத்தியிருந்தோம். கை நடுங்கியதை மறைக்கச் சற்று நேரம் வண்டிக்குப் பின்னால் போய் நின்றோம். அன்று ராம்டேக் போகவில்லை.

ஸ்டட்டுகள் மாற்றி வண்டி வீடு வந்தபின், முறிந்த துண்டு ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து அஜ்னியில் வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் பொன்மலைத் தொழிற்சாலையில் வேலை கற்று, பல ஊர்களில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், தந்தையாரின் நண்பர், நமக்கு 'மாமா'. துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், "இதை யார் இறுக்கினது?" என்றார். சொன்னோம். "ஏண்டா, நட்டு சக்கரத்தைப் பிடிக்குதுன்னு நினைச்சியா? ஸ்டட்டுதாண்டா பிடிக்குது" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார். அதன் சாரத்தை நம் நடையில் தருகிறோம்.

நட்டை இறுக்கும்போது உள்ளிருக்கும் ஸ்டட் மிகச் சிறிதளவு இழுபட்டு நீளுகிறது. இழுத்த ரப்பரைப் போல் அது மீண்டும் சுருங்க முயல்கிறது. அந்தச் சுருங்கும் ஆவலே சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிடி. நீளுவதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் இழுத்தால் பிடிக்கும்; எல்லை கடந்தால் நீண்டது நீண்டதுதான், சுருங்கும் ஆவல் போய்விடும். அதன்பின் சக்கரம் நுண்ணளவில் ஆடத் தொடங்கும். சுழலுந்தோறும் ஸ்டட் வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல ஒரு நாள் ஒடியும். தளர்வாய்ப் பூட்டினாலும் இதே கதி, மிகையாய் இறுக்கினாலும் இதே கதி. பழைய நாளில் தண்டவாள இணைப்புகளில் ஃபிஷ்பிளேட் போல்ட்டுகளை அளவுக்கு மேல் முறுக்கக்கூடாது என்றும், முறுக்கினால் வெயிலில் தண்டவாளம் நீள வழியின்றிப் போகும் என்றும் தந்தையார் சொல்லக் கேட்டிருந்தோம். வீட்டிலேயே இருந்த பாடம். காருக்குப் பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மாமா அடுத்து வண்டியின் கையேட்டைக் கேட்டார். வாங்கிய நாள்முதல் பிரிக்காத புத்தகம். அதில் நம் வேகன் ஆரின் சக்கர நட்டுக்கு உரிய இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. அது எவ்வளவு? அரை மீட்டர் நீளமுள்ள கம்பியின் முனையில் 17 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகு விசை, அவ்வளவே. ஓர் அரிசிப் பையின் பாரம்! 1000 என்பதோ, ஒரு மீட்டர்க் கம்பியின் முனையில் நூறு கிலோ ஆசாமி ஒருவர் ஏறி நிற்பதற்கு ஒப்பு. யந்திரத்தின் முழு வலுவும் நட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. பாதி சேர்ந்தாலும் ஸ்டட் என்ன ஆகும் என்று கணக்கிடக் குமாஸ்தாவுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி, கேட்ட அன்பருக்கு உரிய பதிலுக்கு வருவோம்.

'இம்பாக்ட் ரெஞ்சு' எனப்படும் இந்த யந்திரம் நட்டைத் தொடர்ந்து முறுக்குவதில்லை. உள்ளே சுழலும் ஒரு சுத்தியல், எதிர்ப்பு மிகும்போது சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, வழுக்கி முன்பாய்ந்து, சாக்கெட் மாட்டியுள்ள தண்டை அறைகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அறைகள். அதனாலேயே துருப்பிடித்த நட்டும் அசைகிறது. பிடித்திருப்பவர் மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளாமல் தப்புகிறது. ஆனால் இதே காரணத்தால், எத்தனையாவது அறையில் 85 ஆயிற்று என்று கை அறியாது. கழற்றும் வேலையில் இந்த அறியாமையால் கேடில்லை. பூட்டும் வேலையில் உண்டு.

ஆகவே எவ்வளவு சக்தி? உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துத் தொடங்குங்கள். நம் வண்டிக்கு 85. ஹூண்டாயின் சிறு கார்கள் சிலவற்றுக்கு 88 முதல் 107 வரை. துருவும், கடைக்காரர் செய்த அநியாயமும் சேர்ந்து நட்டு மூன்று மடங்கு பிடிவாதம் பிடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், 300 முதல் 400 வரை உள்ள யந்திரம் வீட்டுக்குப் போதும். சக்கரம் தவிர, முன்சக்கர அச்சின் நடுநட்டு, சஸ்பென்ஷன் போல்ட்டுகள் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இது ஈடுகொடுக்கும். பெட்டிமேல் உள்ள எண்ணைப் படிக்கையில் ஒரு சூட்சுமம். சிலர் இறுக்கும் விசையை அச்சிடுவர். சிலர், அதைவிட எப்போதும் பெரிதாக இருக்கும் கழற்றும் விசையைக் கொட்டை எழுத்தில் அச்சிடுவர். ஒரே யந்திரத்துக்கே 330 என்றும் 580 என்றும் இரு எண்கள் இருப்பதை நாமே கண்டோம். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இன்னதற்கு இன்னது என்று கேட்டு ஒப்பிடுக. 18 வோல்ட், 20 வோல்ட் என்ற வேறுபாட்டில் மயங்க வேண்டாம். முழுதும் சார்ஜ் ஏறிய கணத்தில் 20 காட்டும் பேட்டரியும் வேலை செய்கையில் 18-தான். வேகத்தை இரண்டு மூன்று படிகளாகக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்மையிலேயே பயன்படும்.

காற்றழுத்தத்தால் இயங்குவது பட்டறைக்கு நல்லது. அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும். குவார்ட்டர்ஸில் அதை வைத்தால் மேல்வீட்டார் புகார் எழுதுவர். மின்கம்பி இணைத்தது விலை மலிவு, ஆனால் ஹிங்கன்காட் சாலையோரத்தில் பிளக் எங்கே? பேட்டரியில் இயங்குவதே நம்மவர்க்கு ஏற்றது. அந்தப் பேட்டரியை மே மாதத்து நாகபுரி வெயிலில் டிக்கிக்குள் பூட்டிவைத்துவிட்டு அலுவலகம் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது.

சாக்கெட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. வீட்டில் இருக்கும் பளபளப்பான குரோம் பூச்சுச் சாக்கெட்டுகள் கைவேலைக்கானவை; யந்திரத்தின் அறையில் விரிசல்விட்டுச் சில்லாகத் தெறிக்கக்கூடும். கறுப்பு நிறத்தில், கனத்த சுவருடன், ஆறு முகத்தோடு இதற்கென்றே செய்தவை உண்டு. நமக்கு 19 மில்லிமீட்டர் அளவு. ஹூண்டாய் வைத்திருப்போருக்குப் பெரும்பாலும் 21. கண்ணாடி அணியாமல் விசையை அழுத்த வேண்டாம். நாம் முதல் நாள் அணியவில்லை. தெறித்த துருத்துகள் ஒன்று புருவத்தோடு போயிற்று.

பூட்டும் முறையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். மாமா நம்மைப் பத்து முறை செய்யவைத்த பாடம் இது. நட்டின் சாய்ந்த முகம் சக்கரத்தை நோக்கி இருக்கட்டும். முதலில் யந்திரம் வேண்டாம். விரல்களாலேயே மரை பிசகாமல் நான்கையும் ஏற்றுங்கள். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம்; வழுக்கும் மரையில் அதே 85-க்கே ஸ்டட் கூடுதலாக இழுபட்டுவிடும். பிறகு, யந்திரத்தை மிகக் குறைந்த படியில் வைத்து நட்டு உட்காருமட்டும் ஓட்டலாம். அவசரமில்லை என்றால் அதற்கும் கையே போதும். வண்டியைத் தரையில் இறக்கி, டார்க் ரெஞ்சை 85-இல் வைத்து, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாறி மாறி இறுக்குங்கள். உரிய அளவு வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று இழுக்கும் ஆசைதான் நம் முதல் சத்துரு. நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்ப்பது நலம். ஸ்பார்க் பிளக், எஞ்சின் ஆயில் வடிக்கும் பிளக் இவற்றின் அருகே இந்த யந்திரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே மரை போனால் செலவு ஆயிரங்களில்.

நம் 1000 என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. லாரிப் பட்டறை வைத்திருக்கும் பஞ்சாபி அன்பர் ஒருவர் முக்கால் விலைக்கு வாங்கிக்கொண்டார். அவர் தொழிலுக்கு அது பொருத்தம். அந்தப் பணத்தில் 330 இறுக்கும் யந்திரம் ஒன்றும், டார்க் ரெஞ்சு ஒன்றும், இரண்டடி நீளக் குழாய் ஒன்றும் வாங்கினோம். ஒரு கணக்கையும் இங்கே ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறோம். அறுபது கிலோ எடையுள்ளவர் அரை மீட்டர்க் கம்பியில் பாரத்தை இறக்கினாலே ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர் வந்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறை மட்டும் சக்கரம் கழற்றுவோர்க்குக் குழாயும் டார்க் ரெஞ்சுமே போதும், யந்திரம் அவசியமில்லை. நாமக்கல் அண்ணன் சொன்னது சரி. நாம் யந்திரத்தை வைத்துக்கொண்டிருப்பது, சஸ்பென்ஷன் வேலையையும் நாமே பார்ப்பதால்; கொஞ்சம் ஆசையாலும்தான். வேண்டும் அன்பர்கள் ஞாயிறு காலையில் வந்து இரவல் பெறலாம். டார்க் ரெஞ்சையும் சேர்த்து எடுத்துப்போகிறவர்களுக்கே யந்திரம் தரப்படும் என்பது துணைவியார் போட்ட விதி.

இந்தப் பொங்கலுக்கும் 44-ஆம் எண் சாலையில்தான் போனோம். கிருஷ்ணகிரிக்கு அருகே பஞ்சர். பக்கத்திலேயே கடை இருந்தது. ஒட்டி முடித்த பையன் கன்னைத் தூக்கியதும், "தம்பி, அது வேண்டாம்ப்பா, நானே பூட்டிக்கிறேன்" என்றோம். "ஏன் சார், ரெண்டு செகண்டு வேலை" என்று அவன் வியந்தான். நாம் பையிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்து மண்டியிட்டதை, கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்துவந்து பார்த்தார்கள்.

சேலம் தாண்டி மறுபடி நிறுத்தி அதே சக்கரத்தைச் சரிபார்த்தோம். அன்னையார் வண்டியைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி நட்டும் 'டிக்' என்றதும், "நாலு ஆச்சு. ஏறுய்யா, போவோம்" என்றார்.